பேரில் மட்டும் ஒயில்

கையில் அந்த வாடை இன்னும் போகவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், தேசிக்காய் தேய்த்தேன், சோற்றில் கை வைக்கும்போது மறுபடியும் வருகிறது. உனக்குத் தெரிந்த வாடைதான். கருவாட்டுக் கடையிலிருந்து இரண்டு கடை தள்ளி நின்றால் காற்றில் லேசாக வருமே, அந்த மாதிரி. பிரேக் ஒயில் வாடை. அது மூக்கில் பட்ட உடனே நீ என் பக்கத்தில் சாக்கை விரித்து, நெற்றியில் கிரீஸைப் பூசிக்கொண்டு, முழங்காலில் நிற்கிறாய். அதனால்தான் இந்த மடல். இதைப் படிக்க நீ இல்லை என்று தெரியும். ஆனால் நடந்ததைச் சொல்லி நம்பவைக்கக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை. மற்ற எல்லார்மேலும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நாளைக் காலை மகள் உன் காரை எடுத்துக்கொண்டு லக்கலவுக்குப் போகிறாள். உன் காலத்தில் பள்ளிச் சீருடையோடு பின் சீட்டில் தூங்கி வழிந்தவள், இப்போது பிரசவம் பார்க்கிற மருத்துவமாது. முதல் நியமனமே அந்தக் காட்டுப் பக்கம். பஸ் எப்போது வரும் என்று அங்கே இருக்கிறவர்களுக்கே தெரியாது, பொழுதுபட்டால் யானை. அதனால் கார். மலை ஏறிப் போகிறதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. திரும்பி வருகிறதைப் பற்றித்தான். ரிவஸ்டன் உச்சியிலிருந்து ரத்தோட்டைக்கு இறங்குகிற அந்த வளைவுகளில் என் பிள்ளை தனியாக வரவேண்டும். அவள் காலுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கப்போவது, பொனட்டுக்குக் கீழே ஒரு சின்ன டப்பாவில் கிடக்கிற அந்தத் தண்ணி மட்டும்தான். அது என்ன தண்ணி, யார் ஊற்றியது, எப்போது ஊற்றியது என்று நான் கேட்காமல் வேறு யார் கேட்பது?

நீ மாற்றலாகி மாத்தளைக்கு வந்து எங்கள் பக்கத்து வீட்டில் அறை எடுத்தபோது உன்னையும் சந்தேகப்பட்டேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக ஒரு பெண், தொழில்நுட்ப உத்தியோகத்தர், குளக்கட்டிலும் வாய்க்காலிலும் ஏறி இறங்கி அளக்கிறவள், கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிக் கவலைப்படுகிற மாதிரியும் தெரியவில்லை. ஏதோ பின்கதை இருக்கவேண்டும் என்று யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பின்கதையும் இல்லை. உனக்கு உன் வேலை பிடித்திருந்தது, அவ்வளவுதான். அதே கந்தோரில் நான் மொழிபெயர்ப்பாளர். முதல் நாளே என்னை “நீர்” என்று கூப்பிட்டாய். எங்கள் பக்கத்தில் நீர் என்றால் கோயில் தீர்த்தத்துக்கும் குழாயில் வருகிறதுக்கும்தான் பெயர். “ஏன் என்னையத் தண்ணியாக்குறீங்க?” என்று கேட்டேன். “அது மரியாதையப்பா” என்றாய். கொஞ்ச நாளில் நான் “நீ” என்று இறங்கிவிட்டேன். நீ கடைசிவரை “நீர்”தான்.

அந்தக் காரை நீ வாங்கிய முதல் வருஷம் ஞாபகம் இருக்கிறதா? விற்ற ஆள் “எல்லாம் புதுசா மாத்தியிருக்கு மிஸ்” என்று சொன்னதை நீ அப்படியே நம்பினாய். நான் நம்பவில்லை. எதை நம்பவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ஆளின் மீசையைத்தான் நம்பவில்லை.

லக்கலவில் நடமாடும் சேவை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். யானை இடித்த வீடுகளுக்கும் அழித்த சேனைப் பயிர்களுக்கும் விண்ணப்பம் எழுதி எழுதி எனக்குக் கை மரத்திருந்தது. உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கினோம். கொஞ்சத் தூரம் வந்ததும் ஒரு வளைவில் நீ பிரேக்கை மிதித்தாய். உன் முழங்கால் அப்படியே கீழே போனதை நான் கண்டேன். பெடல் பஞ்சு மாதிரி தரைவரைக்கும் போய்விட்டது. நீ கத்தவில்லை. கியரை இரண்டுக்கு இறக்கினாய், பிறகு ஒன்றுக்கு. என்ஜின்தான் கத்தியது. பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டே கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாய். கார் மலைப்பக்கத்து வடிகானுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது. மற்றப் பக்கம் பள்ளம். பனிமூட்டம் நிரம்பியிருந்ததால் அதன் ஆழம் தெரியவில்லை.

“யாரோ ஏதோ பண்ணிட்டாங்க” என்றேன். “நாம வேலையில இருந்த நேரம் பாத்து குழாயை அறுத்திருக்காங்க.”

“ஆர்? யானையோ?” என்று கேட்டாய்.

நான் இறங்கிப்போய்க் குனிந்து பார்த்தேன். கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. முன்சக்கரத்துக்குக் கிட்டப் போனால் இரும்பு கருகுகிற வாடை, முகத்தில் அடிக்கிற சூடு. நீ கதவைத் திறந்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாய். “கொதிச்சிட்டுது” என்றாய். எது என்று கேட்டேன். “பிரேக் ஒயில்” என்றாய். கேத்தல் கொதிக்கும், சோறு கொதிக்கும், பிரேக் கொதிக்கும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. நீ என்னை ஏமாற்றுகிறாய் என்றுதான் நினைத்தேன். அரை மணித்தியாலம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தால் அது கல் மாதிரி நின்றது, ஒன்றுமே நடக்காததுபோல. அது எனக்கு இன்னும் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது. பொலிஸைக் கண்டதும் நல்ல பிள்ளையாகிவிடுகிற ஆட்களை நான் கந்தோரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வழி நெடுக முதல் கியரில் ஊர்ந்துகொண்டே நீ விளங்கப்படுத்தினாய். மலை இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு வந்தால் சக்கரத்தில் சூடேறும். அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்கும் ஏறும். புதிதென்றால் தாங்கும். பழையது தாங்காது, ஏனென்றால் அது காற்றில் இருக்கிற ஈரத்தை வருஷக்கணக்காக உறிஞ்சி வைத்திருக்கும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் ரப்பர் குழாய் வழியாகக்கூட ஈரம் போகுமாம். ஈரம் ஏறியது சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். திரவத்தை நசுக்க முடியாது, அதனால்தான் கால் கொடுக்கிற பலம் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. குமிழியை நசுக்கலாம். கால் கீழே போகும், பலம் போய்ச் சேராது. ஆறினால் குமிழி அடங்கும், பெடல் பழையபடி நிற்கும், அடுத்த இறக்கம்வரைக்கும்.

“இதுக்கு எதிரி ஆர் தெரியுமோ?” என்று கேட்டுவிட்டு என்னைக் கையால் காட்டினாய். “நீர்!”

நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு ரத்தோட்டைக்கு வந்து சேர்ந்த பிறகு இன்னொன்று சொன்னாய். பிறகு எத்தனையோ தரம் சொன்னாய். “ஆக்களைச் சந்தேகப்பட முதல் சாமானைச் சந்தேகப்படும். ஆக்கள் பொய் சொல்லுவினம், சாமான் சொல்லாது.” விற்ற ஆளை நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமையே பழையது எல்லாவற்றையும் வெளியே எடுத்தாய். அது நல்ல சாயம் பிடித்த தேயிலைத் தண்ணி நிறத்தில் வந்தது. புதிது தேன் நிறத்தில், இன்னும் தெளிவாக இருந்தது. இரண்டையும் இரண்டு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி எங்கள் குசினி யன்னலில் வைத்தாய், நான் மறக்காமல் இருக்க.

அதன்பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து சந்தேகப்பட்டோம், வேறு வேறு திசையில். நீ சாமானை, நான் ஆட்களை. இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாற்றவேண்டும் என்பது உன் சட்டம், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும். மழை நாளில் மூடியைத் திறக்க விடமாட்டாய். புதுப் போத்தல் வாங்கினால் மூடிக்குக் கீழே இருக்கிற தாள் கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடைக்காரரின் முகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வேன். மிச்சம் இருப்பதை அடுத்த வருஷத்துக்கு வைப்போம் என்றால் முறைப்பாய். “திறந்த போத்தில் திறந்ததுதான். அலுமாரிக்குள்ள இருந்து நீர் குடிச்சுக்கொண்டு இருக்கும்.” குடிக்கிறது நான் என்கிற மாதிரியே சொல்லுவாய்.

பிறகு அந்த நகப்பூச்சு விஷயம். டப்பாவில் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஒழுக்கும் இல்லை. யாரோ எடுக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கந்தோர்க் காவலாளி, பக்கத்து வீட்டுக்காரர், நம் தெருவுக்குப் புதிதாக வந்த மீன்காரர், எல்லாரும் என் வரிசையில் இருந்தார்கள். பிரேக் ஒயிலைத் திருடி என்ன செய்வார்கள் என்று நீ கேட்டாய். இருந்தாலும் மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, டப்பாவின் வெளிப்பக்கம் மட்டம் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவைத்தேன். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் கோட்டையே காணோம். “பாத்தியா, கோட்டையும் அழிச்சிட்டான்!” என்று நான் கத்தினதில் தெருவே கேட்டிருக்கும்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மூடியைத் திறந்து மூடும்போது டப்பாவில் வழிந்த ரெண்டு சொட்டு அந்தப் பூச்சைத் தின்றுவிட்டிருந்தது. அது பெயின்டையே தின்னும், நகப்பூச்சு எந்த மூலைக்கு? காரின் மட்கார்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணி ஊற்றிக் கழுவ ஓடுவாயே, அது அதனால்தான் என்று அப்போதுதான் விளங்கியது. மட்டம் குறைந்ததற்கும் நீ கள்ளனைக் காட்டினாய். சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்து தகடாகிப்போன பிரேக் பேடை என் உள்ளங்கையில் வைத்தாய். பேட் தேயத் தேய, அந்த இடத்தை நிரப்ப டப்பாவில் இருக்கிறது கீழே இறங்குமாம். “மட்டம் குறைஞ்சவுடன ஊத்தி நிரப்பாதேயும். எங்க தேயுது எண்டு வடிவாப் பாரும்.”

இந்தச் சொல்லைத்தான் பிறகு உனக்கே திருப்பிச் சொன்னேன். உன் சாறி பிளவுஸ் தோளில் நிற்காமல் வழியத் தொடங்கியபோது. எங்க தேயுது என்று கேட்டேன். “விசர்க்கதை கதையாதேயும், இனிப்பை விட்டிட்டன், அதுதான்” என்றாய். நான் சந்தேகப்பட்டேன். எத்தனையோ பேரைச் சும்மா சந்தேகப்பட்டவள், இதைச் சரியாகச் சந்தேகப்பட்டேன். மறுபடியும் மறுபடியும் கேட்டேன். நீ ஒவ்வொரு தரமும் வேறு வேறு பொய் சொன்னாய். சாமான் பொய் சொல்லாது, நீ பொய் சொன்னாய். அதற்கு உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

எட்டு நாளுக்கு முன், சனிக்கிழமை, நடந்ததற்கு வருகிறேன். பலாபத்வலையில் ஒரு கராஜ் இருக்கிறது. அங்கே உள்ள மெக்கானிக் பாஸ் கையால் மகளின் பயணத்துக்காகப் போன மாதமே பிரேக் ஒயில் மாற்றி முடித்திருந்தோம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடுவில் போன் வந்து, லொறிச் சத்தத்தில் கேட்காமல், கொஞ்ச நேரம் தள்ளிப்போய்ப் பேசினேன். அவ்வளவுதான். அன்றைக்கு மட்டம் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. சனிக்கிழமை காலை நான் சும்மா திறந்து பார்த்தபோது அது மேல்கோட்டைத் தாண்டி விளிம்புவரைக்கும் நின்றது. குறைந்திருந்தால் பேட் தேய்ந்தது என்று நினைத்திருப்பேன். மட்டம் தானாகக் குறையும், தானாகக் கூடாது.

வாடையும் சரியில்லை. கருவாடு எங்கேயோ பின்னால் போய், மோட்டார் சைக்கிள் கடை முன்னால் வந்திருந்தது. மூடிக்குள் இருக்கிற ரப்பரைப் பார்த்தால் தண்ணியில் ஊறின அப்பளம் மாதிரி உப்பி நெளிந்து, திரும்ப அதன் இடத்தில் உட்கார மறுத்தது. அப்போதுதான் மகள் சொன்னதும் ஞாபகம் வந்தது. “ரெண்டு நாளா கார் இழுத்துப் புடிக்கிற மாதிரி இருக்கும்மா” என்றாள், கைப்பிரேக்கை விடாமல் ஓட்டியிருப்பாய் என்று நான் அவளைத்தான் ஏசினேன்.

நீ என்ன செய்வாயோ அதைச் செய்தேன். அவளுடைய மருந்துப் பையிலிருந்து ஒரு புதுச் சிரிஞ்சை எடுத்து, டப்பாவிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடிக் கோப்பைத் தண்ணியில் விட்டேன். உண்மையான பிரேக் ஒயில் தண்ணியோடு கலந்து காணாமல் போய்விடும். நீ பலதரம் செய்து காட்டியிருக்கிறாய். இதில் பாதி கலந்தது. மற்றப் பாதி இறைச்சிக் கறியில் மிதக்கிற எண்ணெய் மாதிரி வட்டம் வட்டமாக மேலே வந்து நின்றது. இரண்டு நாள் பிந்திப் பார்த்திருந்தால் மகள் மலையில் இருந்திருப்பாள்.

பாஸுக்குப் போன் எடுத்தேன். சிங்களத்தில் எனக்குக் கோபம் இன்னும் தெளிவாக வரும், இத்தனை வருஷ மொழிபெயர்ப்பில் மிஞ்சியது அது ஒன்றுதான். அந்த மனுஷன் திருப்பிக் கத்தவில்லை. “காரை ஸ்டார்ட் பண்ணவேண்டாம் மிஸ், நான் வாறேன்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அதுவும் எனக்குச் சந்தேகத்தையே கொடுத்தது. குற்றம் செய்யாத ஆள் ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறார்? அவர் டப்பாவுக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார், மோந்தார். “இது என்ஜின் ஒயில்” என்றார். “நான் ஊற்றவில்லை.” நீங்கள் ஊற்றாமல் பிறகு யார் ஊற்றியது, பேயா என்று நான் தொடங்கினேன்.

“ஒயிலா? அது நான்தான் ஊத்துனேன்” என்றார் என் கணவர், வாசலில் பிளேன்டீக் கோப்பையோடு.

உனக்கு அவரைத் தெரியும். ஒரு எறும்பு செத்தாலும் இரண்டு நாள் வருந்துகிற மனுஷன். “புள்ள தனியாப் போகுதேன்னு போன கெழமை தொறந்து பாத்தேன். கோட்டுக்குக் கொஞ்சம் கொறவா இருந்திச்சு. பைக்குக்கு வாங்கின புது ஒயில் மிச்சம் இருந்திச்சு. நெறமும் ஒண்ணாத்தான் இருந்திச்சு. பிரேக் ஒயில் டப்பாவுல ஒயில் ஊத்துனா என்ன?” என்றார். பாஸ் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை காலம் உலகத்தில் ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்பட்ட நான், தினமும் எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தருகிற ஆளை வரிசையில் சேர்க்கவே இல்லை.

நீ அப்போதே சொன்னாய். நான் ஒருதரம் கந்தோர் வாகனங்களுக்கான அறிவித்தல் ஒன்றை மொழிபெயர்த்து, “தடுப்புத் திரவம்” என்று எழுதினேன். சாரதிகள் எல்லாரும் என்னிடம் வந்து, அது என்ன மிஸ், மருந்தா என்று கேட்டார்கள். திரும்ப “பிரேக் ஒயில்” என்று மாற்றினேன். தமிழில் ஒயில், சிங்களத்திலும் ஒயில், கடையில் ஒயில், கராஜில் ஒயில். நீ மட்டும் முகத்தைச் சுளித்தாய். “உது ஒயில் இல்லையப்பா, பேரில மட்டும்தான் ஒயில். ஒருநாள் ஆரோ பேரை நம்பி ஒயிலை ஊத்தத்தான் போகினம்.” அப்படிச் சொன்ன நீயே அடுத்த நிமிஷம் “அந்த ஒயில் போத்திலை எடும்” என்றாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் பிலாமரத்துக்குக் கீழே வேலை செய்யும்போது தேநீர் கொண்டுவந்த அவர் காதில் விழுந்ததெல்லாம் அந்த ஒரு சொல்தான். அவரை ஏசி என்ன செய்ய? அன்பினால் செய்தார், சொல்லை நம்பிச் செய்தார். இருந்தாலும் மூன்று நாள் பேசவில்லை.

ரப்பர் எல்லாம் போய்விட்டது. உண்மையான ஒயில் பட்டால் பிரேக்கின் ரப்பர் ஊதிப்போகும். முதலில் பிரேக் விடாமல் பிடிக்கும், பிறகு ஒருநாள் பிடிக்காமலே போகும். பாஸ் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். மாஸ்டர் பம்ப் ரப்பர், சக்கரத்து ரப்பர்கள், குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றிக் கழுவினார். மகள் முதல் கிழமை பஸ்ஸில்தான் போய் வந்தாள். பஸ் வராமல் ஒருநாள் டிராக்டர் பெட்டியில் வந்து சேர்ந்தாள். நேற்றுக் கார் வந்தது. “காற்று எல்லாம் எடுத்தாச்சு மிஸ், ஒக்கொம ஹரி” என்றார் பாஸ். எல்லாம் சரி என்று சொல்கிறவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அது வேறு. குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி மிஞ்சினாலும் பெடல் பஞ்சாகிவிடும் என்று, இன்று காலை நானே இன்னொருதரம் காற்று எடுத்தேன்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்கவேண்டும், மற்றவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்து நிப்பல் திருகைத் திறந்து, காற்றையும் பழசையும் வெளியே விட்டு, திரும்ப இறுக்கவேண்டும். இறுக்குவதற்கு முன் உள்ளே இருக்கிறவர் காலை எடுத்தால் காற்றைத் திரும்ப உறிஞ்சிவிடும், செய்ததெல்லாம் வீண். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. சொல் மட்டும்தான். எப்போதும் நான் உள்ளே, பின் சீட்டில் மகள் தூக்கம், நீ கீழே. “பிடியும்” என்பாய். மிதித்துப் பிடிப்பேன். உனக்குத் திருப்தி வராது. “பிடிச்சிருக்கிறீரோ?” “புடிச்சிருக்கேன்.” “வடிவாப் பிடிச்சிருக்கிறீரோ?” “ஐயோ, புடிச்சிருக்கேன்டி!” நிப்பல் திறக்கும், கால் மெல்ல மெல்லத் தரைக்குப் போகும், ஸ்பானர் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் வரும். “விடும்.” நீ அதைச் சொல்லும்வரை, கொசு கடித்தாலும், போன் அடித்தாலும், நான் காலை எடுத்ததில்லை. இந்த உலகத்தில் நான் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிந்த ஒரே சொல் அதுதான்.

கண்டியில் அந்த வார்டில், கார்ச் சாவியை என் கையில் வைத்த பிறகு, நீ கண்ணைத் திறக்கவே இல்லை. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். உதடு அசைந்தது. “பிடிச்சிருக்கிறீரோ?” என்றாய். நான் சுற்றும் பார்த்தேன், யாரைக் கேட்கிறாய் என்று. என்னைத்தான். “புடிச்சிருக்கேன்” என்றேன். “விடாதேயும்” என்றாய். “நான் சொல்லுமட்டும்.” பிறகு பார்வையாளர் நேரம் முடிந்தது என்று தாதி வந்து நின்றாள். நீ நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய். நாளைக்கு வருகிறேன் என்று உன் காதில் சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். விடிவதற்கு முன் போன் வந்தது.

இன்று அதே பிலாமரத்துக்குக் கீழே நான் சாக்கில் உட்கார்ந்தேன், இடப்பக்கப் பின்சக்கரத்தில் தொடங்கி, நீ செய்வது மாதிரியே. மகள் உள்ளே. என் கணவர் வந்து, டப்பா காய்ந்துவிடாமல் புதுப் போத்தலிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். போத்தலைத் திறக்கும் முன் அதன் தாளை என்னிடம் காட்டி, தண்ணிக் கோப்பையில் ஒரு சொட்டு விட்டுக் காட்டி, பிறகுதான் ஊற்றினார். பொனட்டின் உள்பக்கத்தில் நான் ஒட்டிவைத்திருக்கிற பிளாஸ்டரையும் அவர் உரக்க வாசித்தார். “இது ஒயில் அல்ல, இதில் ஒயில் ஊற்றவேண்டாம்” என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறேன். என் வாழ்நாளில் செய்த மொழிபெயர்ப்புகளில் ஒரு உயிருக்கு உதவக்கூடியது அதுதான் என்று நினைக்கிறேன்.

“புடி” என்றேன். “புடிச்சிருக்கேன்மா” என்றாள். நிப்பலில் ஸ்பானரை வைத்தேன், கை போகவில்லை. உண்மையிலேயே பிடித்திருக்கிறாளா, போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று ஒரு சந்தேகம். மறுபடியும் கேட்க வாயைத் திறந்தேன். வந்தது என் பேச்சு இல்லை. “பிடிச்சிருக்கிறீரோ?” என்று கேட்டுவிட்டேன்.

இவர் போத்தலைச் சரித்தபடி அப்படியே நின்றார். பிறகு உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. “வடிவாப் புடிச்சிருக்கேன்.” அவள் பின் சீட்டில் தூங்கினது எல்லாம் பொய்த் தூக்கம்தான் போலிருக்கிறது.

திறந்தேன். ஒரு குமிழி இல்லை, தேன் நிறத்தில் சுத்தமாக வந்தது. பாஸ் சொன்னது உண்மைதான். இறுக்கினேன். கையைத் துடைத்தேன். ஏதோ யோசனையில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

“அம்மா, கால் வலிக்குது, விடவா?” என்று கேட்டாள்.

“விடு” என்றேன்.

நாளைக்கு அவள் போவாள். இறக்கத்தில் இரண்டாம் கியர் என்று சொல்லியிருக்கிறேன், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதே என்று சொல்லியிருக்கிறேன், உச்சியிலிருந்து ஒரு போன் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு “விடு” என்ற சொல்லைச் சொல்ல நான் கீழே இருந்தேன். எனக்குச் சொல்லவேண்டியவள் நீ. சொல்லாமலே போய்விட்டாய். அன்றைக்குக் கையைத்தான் எடுத்தேன். இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.